டேஷ்போர்டில் ஒரு பொட்டு

நாலு மாதமாக என் காருக்கு ஒரு பொட்டு இருந்தது.
ஸ்பீடாமீட்டருக்கு இடப்பக்கம்
என்னுடைய மெரூன் ஸ்டிக்கர்.
குளியலறைக் கண்ணாடியில் நான் ஒட்டிவைத்தவற்றில் ஒன்றைப்
பிய்த்து எடுத்து ஒட்டியவர் வீட்டுக்காரர்.
"மஞ்சளா ஏதோ எரியுது, ராத்திரில கண்ண உறுத்துது.
சென்சார் கோளாறா இருக்கும்" என்றார்.
பிறகு ஜாம்நகருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

வெயிலில் பொட்டின் ஓரம் சுருண்டது.
சாத்திய கதவுக்கடியில் தெரிகிற வெளிச்சம் போல
விளக்கு கசிந்துகொண்டே இருந்தது.
நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு
கியர் மாற்றினேன்.

கோரிமேட்டிலிருந்து ஏற்காடு, இருபது கொண்டை ஊசி,
கூட்டுறவு வங்கி, காசாளர் கூண்டு,
மாலையில் அதே இருபது, எண்கள் தலைகீழாக.
ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம்
பதினொன்றாம் வளைவில்
வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை.
ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.
முன்பக்கம் திரும்பியது.
பின்பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது,
ஈரச் சேலையோடு நடக்கிறவள் மாதிரி.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
மக்காச்சோளக் கதிரை நிறுத்தி வைத்துவிட்டு
என்னையே பார்த்தது.

அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி
நகத்தால் பொட்டைக் கீறினேன்.
லாடம் மாதிரி ஒரு கோடு, அடியில் பல் பல்லாக,
நடுவில்
நாலு மாதம் யாருமே ஆச்சரியப்படாத
ஆச்சரியக்குறி.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்து சேர்ந்த
அடிவார பங்க்கில் காற்றுப் பிடிப்பவள் பெயர் செங்கமலம்.
கம்பெனி நீலச் சட்டை, உள்ளே செருகிய முந்தானை.
கேஜை வைத்து ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்:
"முப்பத்தொண்ணு. முப்பது. முப்பத்தொண்ணு."
வலது பின்சக்கரத்தில் குந்தியவள் எழவில்லை.
"பத்தொம்போது" என்றாள், தணிந்த குரலில்,
"அதுவும் ஓடி வந்த சூட்டுல.
காலைல பார்த்தா இன்னும் கம்மி காட்டும்."

ஆணி இல்லை. கிழிசல் இல்லை.
வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தாள்.
குமிழி ஒன்று எழுந்தது.
கடுகு.
மிளகு.
அவசரமே இல்லாமல் பாதிச் சுண்டைக்காய். உடைந்தது.
இந்த ஓட்டை வழியாகத்தான்
இத்தனை நாளாக நான் மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

பின்னைக் கழற்றிப் புதிது மாட்டினாள். இருபது ரூபாய்.
"எவ்வளவு வைக்கட்டும்?"
"மத்தவங்கல்லாம் எவ்வளவு வைப்பாங்க?"
"மத்தவங்க வண்டி எதுக்கு? கதவத் தொறங்க."
ஓட்டுநர் கதவோரம், என் முந்தானை
உரசி உரசி மங்கிய ஒரு தாள்:
முப்பத்துமூன்று.
ஆளும் மூட்டையும் ஏறினால் பின்னுக்கு மூன்று கூட.
அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆறு வருஷமாக
தினமும் நான்கு முறை
அதைத் தாண்டி உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

காற்று நிறைந்த பிறகும் விளக்கு எரிந்தது.
"உடனே அணையாது. கொஞ்ச தூரம் ஓட்டுங்க,
அதுவா நம்பும்" என்றாள்
அடுத்த வண்டிக்குப் போய்க்கொண்டே.
கோரிமேட்டு பேக்கரி வாசலில் பார்த்தேன், அணைந்திருந்தது.
எந்த இடத்தில் நம்பியதென்று தெரியவில்லை.

ராத்திரி போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.
"அப்ப பொட்ட எடுத்துட்டியா?" என்றார்.

மார்கழி ஆடிட்டுக்கு ஏற்காட்டிலேயே தங்கிய மறுநாள் காலை
கண்ணாடியெல்லாம் பனி. சாவி திருப்பியதும்
அதே மஞ்சள்.
இறங்கினேன். எனக்கென்று வாங்கிய கேஜ்,
கையுறை இல்லாத விரல்கள்.
இருபத்தாறு, நான்கிலும் இருபத்தாறு,
ஒன்றும் கள்ளத்தனமாக ஒழுகவில்லை.
ஒன்றரை மாதமும் ஒரு ராத்திரிக் குளிரும்.
அதற்காக விட்டுவிட முடியுமா?

டிக்கியிலிருந்து கால் பம்பை எடுத்தேன்.
மேனேஜர் பரஞ்சோதி டீ டம்ளரோடு வந்து
"மதியம் வெயில் வந்தா சரியாயிடும் மேடம்" என்றார்.
மிதித்தேன்.
என் மூச்சு வெள்ளையாக வெளியே வந்து
சில்வர் ஓக் மரங்களுக்குள் போயிற்று.
இருபத்தெட்டு.
முப்பது.