வடக்குக் கோபுரக் கணக்கு

வேலாமுனைக் கோயிலுக்குக் கோபுரம் ஒன்றுதான்.
தெற்கே எழுபதடி, உச்சியில் மணி.
வடக்கே முப்பதடியில் நின்றுபோன மொட்டை.
அதன் தலையில் காக்கை போட்ட அரசங்கன்று;
வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன் வெட்டுகிறோம்.

பங்குப்பேரவைப் பொருளாளன் என்பதால்
இரும்புப் பெட்டிச் சாவி என்னிடம்.
பழைய பேரேடுகளைக் கரையான் முந்திக்கொண்டது.
மிச்சத்தை நான் வாசித்தேன்.

முதலில் ஓலைக் கொட்டகை.
எரிந்ததாக ஒரு வரி. யார், எதற்கு என்று இல்லை.
பிறகு கடலுக்குள் உடைத்த பார்க்கல்,
வத்தை ஒன்றுக்கு ஆறணா.
சுண்ணாம்பும் அந்தக் கல்லைச் சுட்டதுதான்.
கல்லும் சாந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
வாடைக்காற்றில் சேர்ந்தே வியர்க்கின்றன.
பிரசங்கம் நீண்டு சுவரில் சாய்ந்தவர் முதுகில்
உப்பு.

கருப்பட்டி பதினெட்டுச் சிப்பம், கடுக்காய் நாலு மூடை.
முட்டை எத்தனை என்று எழுதவில்லை.
ஓரத்தில் மட்டும் வேறொரு கை:
‘இவ்வருஷம் ஊரில் கோழிக்குஞ்சு கிடையாது.’

வடக்குக் கோபுரத்துக்கு மூன்று தடவை பணம் சேர்ந்தது.

சங்குக் குளியில் விழுந்த தெறிப்பு
இருநூற்றுப் பதினாறு ரூபாய்.
வாந்திபேதி வந்தது.
பாதி அரிசியாயிற்று, பாதி பெட்டிப் பலகை.

அடுத்தது புயல் வருஷம்.
ஓடெல்லாம் பறந்த ராத்திரி
மணி தானாக அடித்துக்கொண்டே இருந்ததாம்.
பத்தொன்பது வத்தை, வலை, கயிறு,
கடன் என்றுதான் எழுதியிருக்கிறது.
திரும்பிய வரவை இன்னும் தேடுகிறேன்.
பட்டியலில் ஒன்பதாவது பெயர் சந்தியாகு மொறாயிஸ்,
என் அப்பாவைப் பெற்றவர்.

மூன்றாவது,
அக்கரைச் சிறையில் பதினோரு பேர். வக்கீல் ரசீது
நாலாக மடித்துக் கிடக்கிறது.

இப்போது எப்பிராயீம் குவைத்திலிருந்து அனுப்பியிருக்கிறான்.
புதுச்சாமி வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் மெழுகுதிரித் தண்டு வைத்தார்.
இரண்டு கோபுரமும் ஒரே உயரம்.
கைதட்டினோம். அழகாகத்தான் இருந்தது.

கடைசி வரிசையில் விண்ணரசி எழுந்தாள்,
தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போகிறவள்.
‘மொட்டை கோபுரத்துக்குப் பின்னால ஒளிஞ்சா
ஆழம் முடிஞ்சதுன்னு அர்த்தம் சாமி.
செடி மட்டும் வெளிய தெரிஞ்சா அடியில கூர்க்கல்.
ரெண்டையும் ஒசத்திட்டா
நாங்க எதை வச்சுக் கணியம் பார்க்க?’

‘அதான் போன்ல ஜிபிஎஸ் இருக்கே’ என்றான் அவள் கொழுந்தன்.

‘முங்கி எழுந்திரிக்கிறவ
போனைப் பல்லுல கடிச்சுக்கவா?’

பிறகு என்னைப் பார்த்தாள்.
‘நீங்க செடி வெட்டுற மாசம்
எங்க காலுலயும் வெட்டு.’

யாரும் பேசவில்லை. சாமி ஒரு தண்டை எடுத்தார்,
வரைபடம் தானாகவே சுருண்டுகொண்டது.
‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதினேன்.
பணம் வைப்புநிதியில், ஏழரை வட்டிக்கு.

இந்த வருஷமும் அரிவாளோடு மொட்டைமேல் ஏறினேன்.
கன்றில் புதுத் தளிர், செம்பு நிறம்.
தூரத்தில் தீவோரம் தலைகள்
முங்கின, எழுந்தன, முங்கின.

பொருளாளன் புத்தி.
எண்ணத் தொடங்கினேன்.