கை தெரியக் கூடாது

சீமாட்டி கிளாஃபிரா முகத்துக்கு மட்டும்தான் உட்கார்ந்தாள்,
இரண்டே காலைப்பொழுது.
பிறகு தலைவலி, பிறகு மாஸ்கோ விருந்தாளிகள்.
மிச்ச உடம்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

சலவைக்கட்டிலிருந்து நேராக வந்தேன்,
உஸ்தீன்யா, இருபத்திரண்டு வயது,
முழங்கை வரை சாம்பல்நீர் வாசம்.
அவள் வெள்ளிநிறப் பட்டுக்குள் என்னை இறக்கி
முதுகில் நாடாவை இழுத்துக் கட்டினார்கள்.
பட்டுக்கு ஆள் தெரியாது.
என்மேலும் அப்படியேதான் விழுந்தது.

ஓவியன் யெர்மலாயும் எங்களைப் போலப் பண்ணையடிமை.
தலைநகரில் ஆறு வருஷம் படிக்கவைத்தார் பிரபு.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
சுண்ணச் சிலைகளின் காது, மூக்கு, மறுபடி காது.
"மூச்சு விடுகிறவர்களைப் பார்த்து வரைய
இன்னும் கூச்சமாக இருக்கிறது" என்றான்.

பின்னால் ஒரு ரோமானியத் தூண் வேண்டுமாம்.
எங்கள் மாளிகைத் தூண்கள் பைன் மரம்,
மேலே சுண்ணாம்பு, உள்ளே எலி.
அவன் அதைப் பளிங்காக்கினான்.
எலியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

பச்சை கலந்த சாம்பலில் முதலில் உடம்பு,
பிணம் போல. பயந்துவிட்டேன்.
அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு சாயம்,
அது காய்ந்தால் இன்னொன்று.
கடைசியில் அகலத் தூரிகையால் தடவித் தடவி
போட்ட தீற்றலையெல்லாம் அழித்தான்.
"நன்றாகத்தானே இருந்தது?"
"கை தெரியக் கூடாது. அதுதான் பாணி.
யாரும் வரையாமலே
படம் இருந்ததுபோல் இருக்க வேண்டும்."

தவக்காலம். வெண்ணெய் இல்லை, பால் இல்லை.
ஆளிவிதை எண்ணெய் அவனிடம் இரண்டு குப்பி,
காய்ச்சியது நிறத்துக்கு, பச்சையாய் எங்கள் கஞ்சிக்கு.
ஒருநாள் குப்பி மாறிப்போய்
பட்டின் மடிப்புகள் காய ஒரு வாரம் ஆனது.
இருவரும் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

பதினோராம் அமர்வில் கைகள்.
வெடிப்புகளை நிரப்பினான்.
கொதிநீர்த் தழும்பை ஈயவெள்ளையில் மூடினான்.
இடது சுண்டுவிரலில் வந்து நின்றான்.
ஒன்பது வயதில் பனிவண்டிக்கு அடியில் நசுங்கி
வெளிப்பக்கம் வளைந்த விரல்.
இருக்கிறபடியே தீட்டினான்.
நிமிர்த்தப்போகிறான் என்று காத்திருந்தேன்.
தூரிகையைத் துடைத்துவைத்து
"வெளிச்சம் போய்விட்டது" என்றான்.
ஜன்னலில் அப்போது நடுமத்தியானம்.

பிறகு ஒரு சீட்டுக் கடனோடு
அவன் பென்ஸா பக்கம் போனான்.
படம் பத்தொன்பது வருஷமாகச் சாப்பாட்டறையில்.
வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறேன்.
என் கையை என் கையால்.

நேற்று பீட்டர்ஸ்பர்க் கனவான் ஒருவர்
கண்ணாடியை உயர்த்திப் பிடித்து நெருங்கினார்.
"அந்தச் சுண்டுவிரல்! கிரேக்கர்களுக்கு மட்டுமே
தெரிந்த வளைவு. வேலை தீண்டாத கை!"
சீமாட்டி தலையசைத்துக் கோப்பையை எடுத்தாள்,
சுண்டுவிரலை வெளிப்பக்கம் வளைத்து.
பல வருஷமாக அப்படித்தான் எடுக்கிறாள்.
இரண்டு மகள்களும் அப்படித்தான்.
சின்னவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை.

நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.
பனி வரப்போகிறது போல,
தட்டுக்கு அடியில் விரல் குடைந்தது.