ஏழாம் கட்டம்

மாதத்தின் கடைசி நாள்.
கோத்தகிரியில் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஜன்னலைச் சாத்தினாலும் மூடுபனி உள்ளே வந்து
பதிவேட்டுத் தாள்களை நமுக்க வைக்கிறது.
மைப்பேனா இங்கே ஆகாது.
ஒருவர் வரியில் எழுதினால்
அடுத்தவர் வரிக்கு ஊறிப்போய்விடும்.

ஊழியர் தொற்றுப் பதிவேடு.
திங்களன்று ஊட்டிக்குப் போக வேண்டும்.
நர்ஸ் ஹாலம்மா: சின்னம்மை,
குழந்தைகள் வார்டு, பன்னிரண்டு நாள் விடுப்பு.
ஏழாம் கட்டம், 'பணியால் வந்ததா?' ஆம்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
தழும்பு காயாத முகத்தோடு திரும்பியவள்
எனக்கு அரைக்கிலோ வர்க்கி வாங்கி வந்தாள்.
ஆம்புலன்ஸ் போஜன்: ஊசி குத்தல், இடது கட்டைவிரல்.
மூன்றாம் ரத்தப் பரிசோதனைக்கு வரமாட்டாராம்,
மகள் கல்யாணம் முடியட்டுமாம்.
அதற்கும் ஆம்.

அடுத்தது சிவபாக்கியம்.
இருபத்தாறு நாள் இருமல். சளியில் இரண்டு பிளஸ்.
நான்காம் வார்டின் சளிக்கோப்பைகளை
எடுத்துக் கொட்டுகிறவள்.

"அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே,"
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார் பெரிய டாக்டர்.
"கான்ட்ராக்ட். செல்வின் கணக்கு.
அதோட எஸ்டேட் லயன்ல ஒரே ரூம்ல ஏழு பேர்.
எங்க ஒட்டுச்சுன்னு யார் சொல்ல முடியும்?"
குரலில் கடுமை இல்லை.
நிஜமாகவே தெரியாதவர் கேட்பதுபோல் கேட்டார்.
அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டில் மற்ற ஆறு பேருக்கும் பார்த்தாயிற்று,
ஒருவருக்கும் இல்லை.
அலமாரி அடியிலிருந்து வேலை அட்டவணைக் கட்டை இழுத்தேன்.
மேலே ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது.
ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நான்காம் வார்டு, காலை ஷிஃப்ட்.
அப்போது பதினொன்றாம் கட்டிலில்
நிமோனியா என்று நாங்கள் நம்பிய ஒருவர்
ஐந்து வாரம் இருமிக்கொண்டிருந்தார்.
அட்டவணைக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.
முகக்கவசம் வழங்கிய ஏட்டிலும் என்னுடையதே:
நர்ஸுகளுக்கு நாளுக்கு ஒன்று,
துப்புரவுக்கு வாரத்துக்கு ஒன்று,
துவைத்துப் பயன்படுத்தலாம்.

அந்த 'லாம்' நான் போட்டது.

மாத்திரைக்கு வந்தவள் கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.
"என் பேர எழுதிறாதீங்க சிஸ்டர்.
செல்வின் சார் நிப்பாட்டிருவாரு."
விதியில் இடம் உண்டு என்றேன்.
சில நோய்களுக்குப் பெயர் வேண்டாம், எண் போதும்.
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
சேலைத் தலைப்புக்குள் போயிற்று.
"கூட்டுறது நாலு பேரு. அதுல பொம்பள நானும் யோகேசும்.
அவ மாசமா இருந்து ஊருக்குப் போயிட்டா.
உங்க எண்ணு யாரக் காட்டும்?"

எழுதினால் அவளுக்கு வேலை போகலாம்.
எழுதாவிட்டால் அது அவள் லயன் வீட்டுக் காற்று,
மருந்துச் செலவு அவள் பாடு,
நாளை அந்த வார்டைக் கூட்ட வருகிறவளுக்கும்
வாரத்துக்கு ஒன்றுதான்.
இதையெல்லாம் சொன்னேன்,
கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள்
மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாள்:
"சம்பளத்தோட ரெண்டு மாசம் லீவுன்னு
மொதல்ல எழுதி வாங்குங்க.
அப்புறம் என் பேரையே போடுங்க,
கொட்டை எழுத்துல."

கட்டபெட்டு பஸ் வந்துவிட்டது. ஓடவில்லை,
நடந்துதான் போனாள். டிரைவர் காத்திருந்தார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று.
ஊட்டியிலிருந்து போன்: ஏன் தாமதம்?
ஒரு வரி பாக்கி என்றேன்.
ஒரு வரிக்கு எத்தனை நாள் என்றார்கள்.

லீவுக் கடிதம் பெரிய டாக்டர் மேசையில் இருக்கிறது.
காலையில் பார்த்தேன், ஓரம் சுருண்டிருந்தது.
அந்த வரியில் பெயர் இல்லை, எண் இல்லை,
வார்டு, நாள், நோய், எதுவும் இன்னும் இல்லை.
ஏழாம் கட்டத்தில் மட்டும்
பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதியிருக்கிறேன்:
ஆம்.