முப்பத்தேழாம் எண் கொக்கி

அவர் கோட்டை நான்தான் வாங்கி மாட்டுவேன்,
ஹெல்சிங்கியில், தீயணைப்புப் படை மண்டபத்தில்,
நாடாளுமன்றத்துக்குச் சொந்தக் கூரை இல்லாத நாளில்.

சைமி தோர்வினென். தாம்பெரேயின் சலவைக்காரி.
முதல் நாள் வில்லையை நீட்டினேன்: முப்பத்தேழு.
சோடாக் காரத்தில் வெந்து வழவழத்த விரல்கள்;
வில்லை நழுவி உருண்டது.
இருவரும் குனிந்தோம்.

ஜார் ஒரு கையெழுத்துப் போடுவார், அவை கலையும்.
"வந்துவிடுவேன், எண்ணை மாற்றிவிடாதீர்" என்று
கோட்டோடு போவார். வந்தும்விடுவார்.
ஐந்து தேர்தல், அதே கோட்டு.
இரண்டாம் முறை காலரைத் திருப்பித் தைத்திருந்தது.
நான்காம் முறை பையில் காய்ந்த ரை ரொட்டி,
அதில் ஒட்டிக்கொண்டு
சலவைப் பெண்களின் கூலி மனு.
ஹெய்மோலா மாளிகைக்கு மாறியபோது
வில்லைகளும் கூடவே வந்தன.

விடுதலைக்கு வாக்கெடுத்த டிசம்பரில்
நூறு பேர் ஆம் என்றார்கள், எண்பத்தெட்டு பேர் இல்லை.
அவர் எண்பத்தெட்டில்.
"வேண்டாமென்றா சொன்னேன்?
இப்படி வேண்டாமென்றேன்."
என்னிடம் ஏன் சொன்னார், தெரியாது.
பொத்தானைத் தவறான துளையில்
திணித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் நாடு தன்னையே சுட்டுக்கொண்டது.
முகாமில் இருக்கிறார் என்றார்கள், பிறகு சிறையில்.
கொக்கி வேறொருவருக்குப் போயிற்று.
பொய் சொல்வானேன், நான்தான் கொடுத்தேன்.

நாலு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை,
நரை ஏறிய ஒருத்தி கோட்டை நீட்டினாள்.
அந்தக் காலரைக் கண்டதும்
என் கை தானாக முப்பத்தேழுக்குப் போனது.

"அது உறுப்பினர்களுக்கு" என்றார்.
"பார்வையாளர் கொக்கி அந்தப் பக்கம் அல்லவா?"