சரக்கு: வீடு

மாங்காய்ப் பருவத்தில் என் எடைமேடைக்குத் தூக்கம் கிடையாது.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம்
கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா லோடுகள்
வால்பிடித்து நின்ற வரிசையில்
நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு
ஒரு வீடு எடைக்கு வந்தது.

ஜன்னலுக்குத் திரை. கூரையில் சூரியத் தகடு.
பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய ஸ்கூட்டர்.
ஓசூர்க்காரர்கள். நாகபூஷணம், ஷைலஜா.
வேனை வீடாக்க இரண்டு வருஷம் ஆயிற்றாம்.
"கன்னியாகுமரி வரைக்கும்" என்றார் அவர்.
"அதுக்கப்புறம் ரோடு இல்லையே, திரும்பித்தான் ஆகணும்"
என்றார் அந்தம்மா.

முன்சக்கரம் மட்டும் ஏற்றச் சொன்னேன்.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
இப்போது முழு வண்டி.
நாலாயிரத்து நூற்றுப் பத்து.
ஆர்.சி.யில் அனுமதி மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

அவர் உதட்டுக்குள் கழித்துப் பார்த்தார்.
"இருநூத்தி அறுபதுதானே மேடம்,
லாரிக்காரன் டன் கணக்குல ஏத்துறான்."

ஏற்றுகிறான்தான்.
போன தையில் ஒருவன் இதே மேடையில் சீட்டு வாங்கிப் போனான்.
மறுநாள் அதன் நகலைக் கேட்டு
தொப்பூரிலிருந்து போலீஸ் வந்தது.
எத்தனை வண்டி மேல் ஏறியது என்று நான் கேட்கவில்லை.
கணினியில் அவன் எண் இன்னும் இருக்கிறது,
தேட வேண்டாம், தானாகவே கண்ணில் படும்.

இதை நான் சொல்லவில்லை.
"ரெண்டு பேரும் உள்ள ஏறி உட்காருங்க" என்றேன்.
சிரித்தார்கள்.
ஆளை இறக்கிவிட்டு நிறுத்தால் அது குடோன் எடை.
திரை யோசித்துச் சொன்னது:
நாலாயிரத்து இருநூற்று ஐம்பது.
சிரிப்பு மட்டும் இறங்கிக்கொண்டது.

டார்ச்சோடு உள்ளே போனேன்.
பரணில் கிரைண்டர், அதன் பக்கத்தில் அரிசி மூட்டை.
திருப்பத்தில் அவை தலைமேல் இருக்கும் என்பதை
யாரும் யோசிக்கவில்லை.
கீழே இறக்கி, இரண்டு அச்சுக்கும் நடுவில்,
பெல்ட் போட்டுக் கட்டவைத்தேன்.
"ஸ்டீயரிங் பூ மாதிரி இருக்கு மேடம், ஒரு விரல்ல திரும்புது."
பின்னால் தொங்கும் ஸ்கூட்டர் முன்சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது சார்.
கணவாயில் பூ வேண்டாம்.

தொட்டியில் நூற்றுத் தொண்ணூறு லிட்டர்.
முழுக்க இருந்தால் பாரம், பாதி இருந்தால் ஊஞ்சல்.
அடுத்து நின்ற லாரியின் மாதையன்
ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டுக் கேனோடு வந்தான்.
ரேடியேட்டருக்குக் கொஞ்சம், முகத்துக்குக் கொஞ்சம்,
மீதி முழுக்கச் சாலையோரப் புங்கமரத்துக்கு.
இந்த வைகாசியில் அதற்கு வந்த முதல் மழை.

கடைசியில் அடுப்படி மேடை.
பர்கூர்க் கறுப்புக் கல், முகம் பார்க்கலாம்,
எழுபது கிலோ.
"கல் இல்லாம என்ன சமையக்கட்டு?"
நாகபூஷணம் அதன்மேல் கை வைத்துக்கொண்டே நின்றார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
மாதையன் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை
ஒன்றும் பேசாமல் நீட்டினான்.
போல்ட்டை அவரே கழற்றினார்.

இன்னும் நூற்று நாற்பது தங்கி நின்றது.
ஸ்கூட்டரை இங்கேயே விட்டுவிடலாமா என்று
அவர் கேட்டு முடிப்பதற்குள்
ஷைலஜா கயிற்றை அவிழ்த்திருந்தார், ஹெல்மெட் தலையில்.
"ரெண்டு வருஷமா இந்த வண்டிக்குப் பின்னாடியே அலைஞ்சேன்.
இனி முன்னாடி போறேன்.
விடிஞ்சதும் கிளம்பலாம்."

மூவாயிரத்து எண்ணூற்று முப்பது.

என் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
அதற்குள் எதையாவது ஒளித்திருந்தால்
அது அவர்கள் பாடு.

சீட்டு அடிக்கும்போது சரக்கு என்ற கட்டத்தில்
பழக்கத்தில் 'மா' வரை தட்டிவிட்டேன்.
அழித்து, 'வீடு' என்று போட்டேன்.
நாற்பது ரூபாய் கொடுத்தார்.

கல் என் அறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார்களாம்.
அதுவரை அதன்மேல் டீ கிளாஸ் வைக்கிறேன்,
காலையில் ஆறரைக்கு
தொப்பூர்ப் பக்கம் போன எல்லா வண்டியையும்போல
அவர்களையும் மனசுக்குள்
இரண்டாவது கியரிலேயே இறக்கிக்கொண்டு.