காந்தம் ஒட்டாத இடம்

மில்வியின் லாடா பட்டறைக்கு வந்தது
ஏப்ரலில், வாசலில் சேறும் பனியும்
இன்னும் கலந்து கிடந்தபோது.
தேனீப் பெட்டி ஏற்றிப்போகிற வண்டி.
“பெயின்ட் மட்டும் அடித்தால் போதும், ஹெல்துர்.
ஜூனில் மகள் கல்யாணம்” என்றாள்.

பெயின்ட் மட்டும் என்று ஒன்று கிடையாது.
எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

சாரெமா தீவைச் சுற்றிக் கடல்.
அது போதாதென்று குளிர்காலச் சாலையில்
உப்புக் கொட்டிக்கொண்டே போகும் லாரி.
நாற்பது வருடம் உப்பைத் தின்ற வண்டி
தண்ணீரும் குடித்திருந்தது:
கதவடியில், சக்கர வளைவில்,
மிதியடிக்குக் கீழே.

ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைப்
பழைய சாக்ஸுக்குள் போட்டு
வண்டி மேலெல்லாம் இழுத்துப்போனேன்.
முன்கதவு: டக்.
கூரை: டக்.
இடது பின்சக்கரத்துக்கு மேலே
கை வழுக்கிக்கொண்டு போயிற்று.
அங்கே இரும்பு இல்லை. பட்டி.
யாரோ அள்ளி அப்பியிருக்கிறான்.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
உப்பு தொடங்கியதை அதுவே முடிக்கட்டும்.
மஞ்சள் போனது. அதற்கடியில் வெள்ளை.
பிறகு பட்டி, விரல் தடிமன்,
அதன் ஓரத்தில் மட்டும் பட்டாணியளவு
தொழிற்சாலை நீலம்.
திருப்புளியை வைத்தேன், அழுத்தக்கூட இல்லை,
ஊறிய ரொட்டியில் போவதுபோல் உள்ளே போனது.
கிளறினால் வருகிறது தாள்.
பந்தாகச் சுருட்டித் திணித்த செய்தித்தாள், ஈரத்தோடு.

விரித்துப் பார்த்திருக்கக் கூடாது.
மார்ச் 2004. படகு நேரங்கள்.
விதை உருளைக்கிழங்கு விற்பனைக்கு.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல்.
வாய் திறந்த அந்த நான்கு எனக்குத் தெரியும்.
காலையில் மில்விக்கு எழுதிக்கொடுத்த
மதிப்பீட்டிலும் அதே நான்குதான்.

அந்த வருடம் கரண்ட் பில் கட்டவில்லை.
ஒரே மத்தியானத்தில் பூசி மெழுகி
ஓரிசாரேக்காரன் ஒருவனிடம் தள்ளிவிட்டேன்,
ஒன்பதாயிரம் குரோன்.
அந்த நாணயமே இன்று செல்லாது.
ஓட்டை மட்டும் வளர்ந்திருக்கிறது, வட்டியோடு.

அறுத்தேன்.
உள்ளங்கையளவு என்று தொடங்கி
இரும்பு இரும்பாக ஒலிக்கும்வரை போனதில்
சாப்பாட்டுத் தட்டளவு ஆயிற்று.
புதுத் தகட்டை இங்கே ஒரு புள்ளி,
அங்கே ஒரு புள்ளியாகப் பற்றவைத்தேன்;
ஒரே இடத்தில் நின்றால் சூட்டில் முகம் கோணிவிடும்.
மடிப்புகளில் அமிலம் தடவினேன்.
சிவப்பு கறுத்து அடங்கியது.
கழுவி, உலர்த்தி, கையுறையோடு ப்ரைமர்.
கைரேகையிலும் உப்பு உண்டு.

மறுநாள் கறுப்பை மேலாகத் தெளித்து
மரக்கட்டையில் தாள் சுற்றித் தேய்த்தேன்.
மேடு வெளுக்கும். பள்ளம்
கறுப்பாகவே நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.
அந்த நேரத்தில்தான் மில்வி வந்தாள்.

தாளை நீட்டினேன். சொன்னேன், முழுவதையும்.
அவள் படகு நேரங்களைப் படித்தாள்.
“அப்போதெல்லாம் ஆறரைக்கு ஒன்று இருந்தது” என்றாள்.
பிறகு, தாளை மடித்துக்கொண்டே,
“மஞ்சள் அடித்தது என் புருஷன்.
அவரிடமும் ஒரு காந்தம் இருந்தது, ஹெல்துர்.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
பில்லில் அந்த வேலைக்கு நேரே சுழி போட்டேன்.
அதை அடித்துத் தொகையை எழுதினாள் அவள்.
நான் மறுபடி அடித்தேன்.
கடைசியில் ஆறு பாட்டில் தேன் என்று முடிந்தது.

மஞ்சள் காய்ந்த பிறகு ஒரு வேலை பாக்கி.
நீண்ட குழாயைக் கதவடித் துளையில் விட்டு
உருக்கிய மெழுகை உள்ளே பீய்ச்ச வேண்டும்,
யாரும் பார்க்காத பக்கத்தில்.
சொட்டச் சொட்டப் பீய்ச்சினேன்.
தரையெல்லாம் மெழுகு. இன்றும் போகவில்லை.