ஏழாவது மேப்பிங்

நத்தைக் கூடு மாதிரி இரண்டரைச் சுற்று,
அதற்குள் இருபத்திரண்டு புள்ளிகள்.
ஆயிரமாயிரம் மயிரிழைகள் பார்த்த வேலையை
இந்த இருபத்திரண்டு பேர்
ஷிப்டு போட்டுப் பார்க்கிறார்கள்.
ஆள் பற்றாக்குறை. குறை சொல்லக் கூடாது.

முதல் மாதம் எல்லோரும்
எவர்சில்வர் டம்ளருக்குள்ளிருந்து பேசினார்கள்.
குக்கர், பாஸ்டர், மாமியார்
மூன்றும் ஒரே குரல்.
மூன்றாம் மாதம் ஹார்பர் லைன் ரயில்
ரயிலானது.
ஒரு நாள் காதிலிருந்து கழன்று
பீரோக் கதவில் போய் ஒட்டிக்கொண்டது சுருள்.
அரைமணி நேரம் தரையெல்லாம் தேடினோம்.

ஜூலை ஈரம் இதற்கு ஆகாது.
இரவில் கழற்றி
நீல உருண்டைகள் போட்ட டப்பாவில் மூடி வைப்பேன்.
அதன் பிறகு தாராவித் தகரங்களின் மேல்
பெய்வது வெறும் படம்.
ஆபரேஷனுக்கு டிரஸ்ட் கொடுத்தது.
கேபிள் அறுந்தால்
ஜெபக்கனியின் தையல் காசு.

இன்று சயானில்
மிருணாள் மேடம் அட்டையால் வாயை மறைத்து
மராட்டிப் பட்டியல் வாசித்தார்.
பத்துக்கு எட்டு.
அவர் மொழியில் ள உண்டு, ழ இல்லை.
தமிழுக்குப் பட்டியலும் இல்லை.
ஜெபக்கனியே அட்டையின் பின்பக்கம் எழுதி
அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படித்தாள்.

கேட்டதைச் சொன்னேன்:
பளம். கோளி. களுதை.
மேடம் பன்னிரண்டாம் புள்ளியைக் கொஞ்சம் கூட்டினார்.
களுதை.
இன்னும் கொஞ்சம்.
களுதை.
மேடம், இந்த மிஷினில் ழ ஏறவில்லை.

அட்டை ஆடியது. சிரிக்கிறாள்.
'எனக்கு என்னைக்கு ழ வந்திச்சு?'

கல்யாணமான புதிதில்
அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தவன் நான்.
காய்ச்சல் காதைக் கொண்டுபோன பிறகு
மூன்று வருடம் உதட்டை மட்டும் படித்தேன்.
உதட்டில் ழவும் ளவும் ஒன்றுதான்.
புத்தகத்து ழவை எடுத்து
அவள் வாயில் நானே வைத்துவிட்டு
அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

'எத்தனை மார்க் எழுத?'
மேடம் இந்தியில் கேட்டார்.
பத்து என்றாள் ஜெபக்கனி.
கூட்டியதைப் பழையபடி குறைக்கச் சொன்னேன்.

வெளியே மளை.
நனைஞ்சிரும், கழட்டுங்க என்றாள்.
பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்கட்டும் என்றேன்.